கற்கும் முறையைக் கற்றல்

நுழையும்முன்

பள்ளியில் முதலிடம் பெற்ற மாணவர் சிலர் கல்லூரியின் முதற்பருவத் தேர்விலேயே தடுமாறுகின்றனர். அவர்களுடைய அறிவு குறைந்துவிடவில்லை, உழைப்பும் குறையவில்லை. ஆயினும் மதிப்பெண் குறைகிறது. இம்முரண்பாட்டுக்கு விடை தேடிய ஓர் ஆய்வின் வரலாற்றையும், படித்தவை மனத்தில் நிலைபெறும் விதம் குறித்து உளவியலாளர் கண்டறிந்தவற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

மேல்நிலைப் பள்ளி மாணவரின் நாள் பெரும்பாலும் பிறரால் வகுக்கப்படுகிறது. காலையில் மணி அடித்ததும் வகுப்பு, மாலையில் சிறப்பு வகுப்பு, வாரந்தோறும் அலகுத் தேர்வு, ஆண்டின் பிற்பகுதியில் அடுத்தடுத்துத் திருப்புதல் தேர்வுகள் என ஆண்டு முழுவதும் ஓர் ஒழுங்கில் நகர்கிறது. ஒருநாள் வராவிட்டால் வகுப்பாசிரியரிடமிருந்து வீட்டுக்கு அழைப்பு வருகிறது. எந்த வினா முதன்மையானது, எந்தப் பத்தியை அடிக்கோடிட வேண்டும் என்பதையும் ஆசிரியரே காட்டிவிடுகிறார். மாணவரின் பங்கு, காட்டிய வழியில் தளராது நடப்பது.

கல்லூரியில் இவ்வேலி விலகிவிடுகிறது. வாரத்தில் நான்கு மணி நேரம் விரிவுரை நிகழ்த்தும் பேராசிரியர், அறுபது பேர் அமர்ந்துள்ள வகுப்பில் யார் எழுதுகிறார், யார் சன்னல் வழியே பார்க்கிறார் என்று கவனிப்பதில்லை. ஒப்படைப்புக்குரிய நாளை ஒருமுறை சொல்வார், மறுமுறை நினைவூட்டமாட்டார். பள்ளியில் ஓராண்டு முழுவதும் நடத்தப்படும் அளவுள்ள பாடம் இங்கே நான்கைந்து மாதப் பருவத்துக்குள் முடிந்துவிடுகிறது. தமிழ்வழியில் பயின்றவருக்கு இதனுடன் மொழிச்சுமையும் சேர்கிறது. இயற்பியலில் உந்தம், முடுக்கம் என்று அறிந்திருந்த கருத்துகளே ஆங்கிலப் பெயர்களோடு வந்து நிற்கும்போது, தெரிந்த பாடமும் தெரியாத பாடம்போல் தோன்றும். தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டு மேல்நிலைக் கல்வி தொடங்கப்படுவதற்கு முன், பள்ளியிறுதி வகுப்பை முடித்தோர் கல்லூரியில் புகுமுக வகுப்பில் சேர்ந்தபோது இதே தடுமாற்றத்தை இன்னும் இளம்வயதில் எதிர்கொண்டனர். ஆகவே, இச்சிக்கல் புதியதன்று. ஒரு தலைமுறைக்கு மட்டும் உரியதுமன்று.

தேர்ச்சி பெறாத தாள்களை ‘அரியர்’ என்று மாணவர் தம்முள் குறிப்பிடுவர். முதற்பருவத்தில் ஓர் அரியர் விழுந்தவுடன் சுற்றியுள்ளோர் காரணம் சொல்லத் தொடங்குகின்றனர். ‘விடுதிக்குச் சென்றதும் பொறுப்பு போய்விட்டது’ என்பார் ஒருவர். ‘அடிப்படை சரியில்லை’ என்பார் மற்றொருவர். ‘இந்தப் படிப்பு உனக்கு வராது’ என்று முடிவே கட்டிவிடுவோரும் உண்டு. இக்காரணங்களுள் எது உண்மை என்று எவரும் சோதித்துப் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் ஒருவர் சோதித்துப் பார்த்தார்.

பெர்க்லியில் ஒரு தேடல்

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் உலகின் தலைசிறந்த உயர்கல்வி நிறுவனங்களுள் ஒன்று. 1970களின் நடுப்பகுதியில் யூரி டிரைஸ்மன் அங்கு ஆய்வு மாணவராக இருந்தார். நுண்கணித வகுப்புகளில் துணைப் பயிற்றுநராகப் பணியாற்றும் முதுநிலை மாணவர்களுக்குப் பயிற்சியளிக்கும் பணியில் அவர் ஈடுபட்டிருந்தார். அப்போது ஒரு செய்தி அவரை உறுத்தியது. முதலாண்டு நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர் பலர் தொடர்ந்து தோல்வியடைந்து வந்தனர். 1978க்கு முந்தைய பத்தாண்டுக் காலத்தில், அப்பாடத்தில் சேர்ந்த கறுப்பின மாணவருள் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் மிகக் கீழ்நிலைத் தரத்தையோ தோல்வியையோ பெற்றிருந்தனர். அறிவியல், பொறியியல், மருத்துவம் ஆகிய துறைகளுக்கு நுண்கணிதமே வாயில். அவ்வாயிலிலேயே திரும்பியவர் தாம் கனவு கண்ட துறையை முற்றிலும் கைவிட நேர்ந்தது.

டிரைஸ்மன் பேராசிரியர்களிடம் காரணம் கேட்டார். நான்கு விடைகள் திரும்பத் திரும்ப வந்தன. அம்மாணவர்க்கு ஊக்கம் குறைவு, பள்ளியில் பெற்ற அடித்தளம் போதாது, குடும்பத்தில் கல்விக்கு ஆதரவில்லை, வறுமை வாட்டுகிறது. சொன்னவர் எவரும் தீய நோக்குடையவர் அல்லர். கேட்பவர்க்கும் இவை இயல்பான காரணங்களாகவே தோன்றும். ஆயினும் டிரைஸ்மன் இவற்றை ஏற்றுக்கொண்டு நிறைவடையவில்லை. இருபது கறுப்பின மாணவரையும் ஒப்பிடுவதற்காக, அப்பாடத்தில் சிறந்து விளங்கிய சீன அமெரிக்க மாணவர் இருபது பேரையும் தேர்ந்தெடுத்தார். தொடக்கத்தில் அவர்களிடம் வினாக்கள் கேட்டார். அது போதவில்லை. பின்னர் அவர்கள் படிக்கும் இடங்களுக்கே சென்று, அவர்கள் என்ன செய்கின்றனர் என்பதை மாதக்கணக்கில் உடனிருந்து கவனித்தார்.

நான்கு காரணங்களும் ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ந்தன. அக்கறுப்பின மாணவருள் பலர் தத்தம் பள்ளியில் முதலிடம் பெற்றவர்கள். பெர்க்லியில் இடம் கிடைப்பதற்கே கடும் உழைப்பு வேண்டும். ஊக்கமில்லாதவர் அங்கு வந்திருக்க முடியாது. பெற்றோர் பலர் தம் பிள்ளை கல்லூரிக்குச் செல்ல வேண்டும் என்று பிறந்தநாள் முதலே உறுதி பூண்டவர்கள். நல்ல பள்ளியில் கணிதம் பயின்று வந்தவரும் தோற்றனர். வருமானத்தைக் கொண்டும் தேர்ச்சியைக் கணிக்க இயலவில்லை.

அவ்வாறாயின் வேறுபாடு எங்கே இருந்தது? படிக்கும் முறையில் இருந்தது.

கறுப்பின மாணவர், வகுப்பில் ஒரு மணி நேரத்துக்கு வெளியே இரண்டு மணி நேரம் படிக்க வேண்டும் என்று தமக்குச் சொல்லப்பட்ட அறிவுரையை அப்படியே பின்பற்றினர். வாரத்துக்கு எட்டு மணி நேரம்வரை நுண்கணிதத்துக்கு ஒதுக்கினர். வீட்டுப்பாடத்தை உரிய நாளில் ஒப்படைத்தனர். வகுப்பைத் தவறவிடவில்லை. எல்லாவற்றையும் செய்துவிட்டுத் தேர்வில் தோற்றனர். ஏறத்தாழ அனைவரும் தனியாகவே படித்தனர். படிப்பு ஓர் உலகம், நட்பு வேறோர் உலகம் என்று பிரித்து வைத்திருந்தனர். அடுத்த இருக்கையில் அமர்ந்திருப்பவருக்கும் அதே கணக்கு வரவில்லை என்பதை அறிய அவர்களுக்கு வழியே இல்லை. எனவே, தோல்வி வந்தபோது ஒவ்வொருவரும் அதைத் தம் ஒருவருடைய குறையாகவே கருதினர்.

சீன அமெரிக்க மாணவரும் தனியே படித்தனர்; வாரத்துக்கு எட்டு முதல் பத்து மணி நேரம். அதன்பின் மாலையில் கூடினர். சிலவேளை சேர்ந்து சமைத்து உண்டனர். பிறகு வீட்டுப்பாடத்தை விரித்து வைத்து ஒருவர் விடையை மற்றவர் சரிபார்த்தனர். ஒருவருக்கு மட்டும் விடை மாறியிருந்தால் அவர் தம் வழியை மீண்டும் பார்த்தார். எவருக்குமே விடை வராவிட்டால், கணக்கே கடினமானது என்று தெரிந்துகொண்டனர். மூத்த மாணவரோ உறவினரோ வந்து வினாக்கள் கேட்பதும் உண்டு. நூலகத்தில் எல்லார்க்கும் பொதுவாக வைக்கப்பட்டிருந்த பழைய வினாத்தாள்களை எடுத்து ஒழுங்காக எழுதிப் பழகினர். இவற்றின் பயனாக, வகுப்பில் தாம் எந்நிலையில் இருக்கிறோம் என்பதைத் தேர்வுக்கு முன்பே ஒவ்வொருவரும் ஏறத்தாழ அறிந்திருந்தனர்.

இங்கு வருந்தத்தக்க ஒரு நுட்பம் உண்டு. தனித்துப் படிக்கும் பழக்கம் அம்மாணவர்க்குச் சோம்பலால் வந்ததன்று. அவர்கள் பயின்ற பள்ளிகள் பலவற்றில், படிப்பில் நாட்டமுள்ளவர் ஒரு சிலரே இருந்தனர். சுற்றியிருந்தோரின் போக்கில் சேராமல் தனித்து நின்றமையால்தான் அவர்கள் முன்னேறினர். அவர்களைப் பல்கலைக்கழகம்வரை கொண்டுவந்து சேர்த்த நற்பண்பே அங்குத் தடையாகிவிட்டது. கிணற்றில் நீந்தப் பயன்பட்ட முறையோடு கடலில் இறங்கியவர் நிலை அது. அவரை ‘நீந்தத் தெரியாதவர்’ என்பது பிழை.

ஈடுசெய்யும் வகுப்பா, மேம்பட்ட வகுப்பா?

பின்தங்கியவர்க்கு எளிய பாடத்தைத் திரும்ப நடத்தும் வகுப்புகள் பெர்க்லியிலும் இருந்தன. அவற்றை நாடுவதைப் பலர் இழிவாகக் கருதினர். பள்ளியில் முதல்வராக விளங்கியவரிடம் ‘நீ பின்தங்கியவன்’ என்று எழுதிய பலகை மாட்டிய அறைக்குள் வரச் சொன்னால் அவர் வருவாரா? டிரைஸ்மன் வேறு வழியில் சென்றார். 1978இல் தொடங்கிய பயிலரங்குக்கு மாணவர்களைச் சிறந்தவர் என்ற முறையில் அழைத்தார். பாடநூலில் உள்ளவற்றைவிடக் கடினமான கணக்குகளைத் தாள்களில் அச்சிட்டுத் தந்தார். ஒவ்வொருவரும் முதலில் தாமே முயல்வர். பின்னர்ச் சிறு குழுவாகக் கூடித் தம் வழியை விளக்குவர். பயிற்றுநர் விடை சொல்வதில்லை. குழு முட்டிக்கொண்டு நிற்கும்போது ஒரு வினாவை மட்டும் எழுப்பிவிட்டு நகர்வார்.

பயிலரங்கில் கலந்துகொண்டோர், கலந்துகொள்ளாதோரைவிடத் தெளிவாக உயர்ந்த தரம் பெற்றனர். நுழைவுத் தேர்வில் அவர்களைவிட அதிக மதிப்பெண் பெற்றிருந்த பிற இனத்து மாணவர்க்கு நிகராகவும் பலர் விளங்கினர். டிரைஸ்மன் பின்னர் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்துக்குச் சென்றார். இம்முறை அமெரிக்காவின் வேறுபல கல்லூரிகளுக்கும் பரவியது.

தமிழ் மரபில் பயின்றவர்க்கு இம்முடிவு வியப்பளிக்காது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் கற்றலை நான்கு பங்காகப் பகுத்துக் காட்டுகிறது. ஆசிரியர் உரைத்ததை முழுமையாகக் கேட்டுக்கொண்டாலும் மாணவர்க்குக் கிடைப்பது காற்பங்குப் புலமையே. உடன்பயில்வோரோடு கலந்து பழகுவதால் இன்னொரு காற்பங்கு கிடைக்கிறது. எஞ்சிய இரண்டு காற்பங்குகளும் பிறர்க்கு எடுத்துரைப்பதால் வருகின்றன. கேட்டதைத் திரும்ப நினைத்துப் பார்த்தல், வினவுதல், பிறர் வினவியவற்றுக்கு விடையளித்தல் ஆகியனவும் அங்குக் கற்கும் முறைகளாகக் கூறப்பட்டுள்ளன. தேர்வுக்காக இந்நூற்பாக்களை மனப்பாடம் செய்வோர் பலர். அவை கூறும் முறையில் படித்துப் பார்த்தோர் சிலரே.

படித்தது நிற்பதும் நில்லாததும்

கூடிப் படிப்பது ஒருபுறம் இருக்க, தனியே அமரும் அந்த எட்டு மணி நேரத்தை எவ்வாறு செலவிடுவது என்பதும் ஆராயத்தக்கது. பெரும்பாலான மாணவர் கையாளும் முறை, பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பது. வண்ணப் பேனாவால் வரிகளுக்குப் பட்டை தீட்டுவது இதன் துணைமுறை. இரண்டும் உழைப்பின் நிறைவைத் தருகின்றன. ஆனால், நிறைவு வேறு, பயன் வேறு.

2006இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் ஆகிய இருவரும் கல்லூரி மாணவரைக் கொண்டு நடத்திய ஒரு சோதனை இங்குக் குறிப்பிடத்தக்கது. கதிரவனைப் பற்றியும் கடல்நீர்நாய்களைப் பற்றியும் அமைந்த சிறு உரைநடைப் பகுதிகளே அவர்கள் தந்த பாடம். பயிற்சி நான்கு வேளைகளாக அமைந்தது. ஒரு குழுவினர் நான்கு வேளையும் வாசித்தனர். மற்றொரு குழுவினர் முதல் வேளையில் மட்டும் வாசித்தனர். எஞ்சிய மூன்று வேளைகளிலும் பாடத்தைப் பார்க்காமல், நினைவிலுள்ளதை வெற்றுத்தாளில் எழுதினர். முதற்குழுவினர் சராசரியாக 14 முறை பாடத்தை வாசித்து முடித்தனர். இரண்டாம் குழுவினர் வாசித்தது மூன்று நான்கு முறைக்கு மேல் இல்லை.

ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்த குழுவே முன்னின்றது: அவர்கள் 83 விழுக்காடு நினைவுகூர்ந்தனர்; எழுதிப் பார்த்தவர் 71 விழுக்காடு. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலை தலைகீழாயிற்று. வாசித்தவர் 40 விழுக்காட்டுக்கு இறங்கினர். எழுதிப் பார்த்தவர் 61 விழுக்காட்டில் நின்றனர். இன்னொரு செய்தியும் உண்டு. ‘ஒரு வாரம் கழித்து உங்களுக்கு எவ்வளவு நினைவிருக்கும்?’ என்று முன்கூட்டியே கேட்டபோது, மிகுந்த நம்பிக்கையோடு விடையளித்தவர் பலமுறை வாசித்த குழுவினரே.

இதன் காரணத்தை உணர்வது அரிதன்று. ஒரு பக்கத்தை ஐந்தாம் முறை வாசிக்கும்போது சொற்கள் பழகிப்போய்விடுகின்றன. கண் தடையின்றி ஓடுகிறது. அந்தப் பழக்கத்தை மனம் ‘தெரியும்’ என்று பிழையாகக் கொள்கிறது. தேர்வறையிலோ பக்கம் கண்முன் இல்லை. அங்கு வேண்டுவது, ஒன்றைக் கண்டு அடையாளம் காணும் திறன் அன்று. இல்லாததை உள்ளிருந்து எடுத்து நிறுத்தும் திறன். எடுத்துப் பழகாதவர்க்கு அது வாராது. நூலை மூடிவிட்டு எழுத முயலும்போது நேரும் தடுமாற்றம் மாணவரைச் சோர்வடையச் செய்கிறது. அத்தடுமாற்றத்தில்தான் கற்றல் நிகழ்கிறது என்பதை அறியாமல், அவர் மீண்டும் நூலைத் திறந்து வாசிக்கத் தொடங்கிவிடுகிறார்.

கணக்குப் பாடத்திலும் இதே மயக்கம் உண்டு. தெற்கு ஃபுளோரிடாப் பல்கலைக்கழகத்தில் டக் ரோரர், கெல்லி டெய்லர் ஆகியோர் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்க்கு நான்கு வகைத் திண்ம உருவங்களின் கன அளவைக் காணக் கற்பித்தனர். ஒரு சாரார் ஒவ்வொரு வகைக் கணக்கையும் தொடர்ச்சியாகச் செய்து முடித்து அடுத்த வகைக்குச் சென்றனர். மற்றொரு சாரார்க்கு நான்கு வகையும் கலந்து தரப்பட்டன. பயிற்சியின்போது முதற்சாரார் 89 விழுக்காடும், கலந்து செய்தவர் 60 விழுக்காடும் சரியாகச் செய்தனர். ஒரு வாரத்துக்குப் பின் நடந்த தேர்விலோ முதற்சாரார் பெற்றது 20 விழுக்காடு; கலந்து செய்தவர் பெற்றது 63 விழுக்காடு. ஒரே வகைக் கணக்கைப் பத்து முறை தொடர்ந்து செய்பவர், எந்த வாய்பாட்டைப் பயன்படுத்துவது என்று ஒருமுறையும் சிந்திப்பதில்லை; பயிற்சியின் தலைப்பே அதைச் சொல்லிவிடுகிறது. தேர்வுத்தாளில் அத்தலைப்பு இருப்பதில்லை.

பயிற்சியின்போது எளிதாக இருப்பது பின்னர்க் கைவிடுகிறது. பயிற்சியின்போது இடர்தருவது பின்னர்க் கைகொடுக்கிறது. மாணவர் தம் படிப்பைத் தாமே மதிப்பிடுவதில் ஏமாறுவதற்கு இதுவே காரணம்.

தெரிந்து தெளிவோம்

ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்காஸ் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, மறதி எவ்வளவு விரைவாக நேர்கிறது என்பதைத் தம்மையே சோதனைப் பொருளாக்கி அளந்தார். அம்முடிவுகளை 1885இல் நூலாக வெளியிட்டார். மறதியின் பெரும்பகுதி முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே நிகழ்ந்துவிடுகிறது. அதன்பின் வேகம் தணிகிறது. ஒரே அமர்வில் பலமுறை படிப்பதைவிட, சில நாள்களுக்குப் பகிர்ந்து படிப்பது குறைந்த உழைப்பில் நிலைத்த பயன் தருகிறது என்பதையும் அவர் கண்டறிந்தார்.

இராமானுஜனும் காரின் நூலும்

கல்லூரியில் தோற்றவர் என்றவுடன் கணிதமேதை இராமானுஜனின் பெயரைச் சொல்லி ஆறுதல் கூறுவது வழக்கமாகிவிட்டது. 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்த அவர், கணிதம் ஒன்றிலேயே மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டதால் அவ்வுதவித்தொகையை இழந்தார். 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் தேர்ச்சி பெற இயலவில்லை. அதன்பின் வேலையின்றி அவர் பட்ட துன்பம் சிறிதன்று. ‘மேதையும் தோற்றார், ஆதலால் தோல்வியால் இழப்பில்லை’ என்று இதிலிருந்து பொருள் கொள்வது, அவர் வறுமையோடு கழித்த ஆண்டுகளை மறந்து பேசுவதாகும்.

அவரிடம் கற்றுக்கொள்ளத்தக்கது வேறொன்று. இளமையில் அவர் கைக்கு ஜி.எஸ். கார் என்பவர் தொகுத்த கணித நூல் ஒன்று கிடைத்தது. ஏறத்தாழ 5000 முடிவுகளை வரிசையாகக் கூறும் அந்நூலில் நிறுவல்கள் மிகச் சுருக்கமாகவே இருந்தன. பலவற்றுக்கு இல்லவே இல்லை. இன்றைய மாணவர் எவரேனும் அதைக் கண்டால், விளக்கமற்ற நூல் என்று மூடிவைத்துவிடுவார். இராமானுஜனோ ஒவ்வொரு முடிவையும் தாமே நிறுவிப் பார்த்தார். வாசித்து ஏற்றுக்கொள்ளாமல், ஒவ்வொன்றையும் தமக்குள்ளிருந்து வருவித்தார். கறுப்புப் பலகையில் எழுதிப் போட்ட விடையைப் பார்த்தெழுதும்போது மாணவர் இழப்பது எதுவென்பதை இதனோடு ஒப்பிட்டு உணரலாம்.

பொறுப்பு என்பது யாது?

‘பொறுப்பாகப் படி’ என்று சொல்லாத வீடில்லை. அச்சொல்லுக்கு என்ன பொருள் என்று விளக்கும் வீடு குறைவு. இரவு இரண்டு மணிவரை விளக்கெரிய விழித்திருப்பதும், நண்பரோடு பேசாதிருப்பதும், விளையாட்டைத் துறப்பதும் பொறுப்பின் அடையாளங்களாகக் கருதப்படுகின்றன. பெர்க்லியில் தோற்ற மாணவரிடம் இவ்வடையாளங்கள் பல இருந்தன. உழைப்பைக் கூட்டுவது பொறுப்பின் ஒரு கூறுதான். உழைப்பின் விளைவை அவ்வப்போது சோதித்து, பயனற்ற முறையைக் கைவிடத் துணிவது அதைவிடக் கடினமான கூறு. பல மாதம் பழகிய முறை தவறு என்று ஒப்புக்கொள்வது எவர்க்கும் எளிதன்று.

தோல்விக்குக் காரணம் கற்பிக்கும் விதமும் பொறுப்போடு தொடர்புடையது. வினாத்தாள் கடினம், திருத்தியவர் கண்டிப்பானவர் என்று வெளியே காரணம் தேடுவோர் உண்டு. ‘எனக்கு மூளை போதாது’ என்று தம்மையே இகழ்வோரும் உண்டு. முன்னது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது என்று எல்லாரும் அறிவர். பின்னதும் அத்தகையதே என்பது பலர்க்குத் தெரியாது. மூளை போதாது என்று முடிவு செய்தவர்க்கு அதற்குமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை. நாளை எதையும் மாற்ற வேண்டியதுமில்லை. ‘இயற்பியலை நான் வாசித்தேன், ஒருமுறைகூட எழுதிப் பார்க்கவில்லை’ என்பவர்க்கோ நாளை காலையிலேயே செய்வதற்கு ஒரு வேலை இருக்கிறது.

இதனை உறுதிப்படுத்தும் ஆய்வு ஒன்று 1982இல் வெளிவந்தது. திமோத்தி வில்சன், பாட்ரிசியா லின்வில் என்னும் உளவியலாளர், டியூக் பல்கலைக்கழகத்தில் தம் படிப்பைக் குறித்துக் கவலையுற்றிருந்த முதலாண்டு மாணவர் சிலரைத் தேர்ந்தெடுத்தனர். அவர்களுள் ஒரு பகுதியினர்க்கு, முதலாண்டில் மதிப்பெண் குறைவது பலர்க்கும் நேர்வது, பின்னர் அது உயர்கிறது என்ற செய்தியைத் தெரிவித்தனர். தம் முதலாண்டுத் தடுமாற்றத்தையும் பின்னர்ப் பெற்ற முன்னேற்றத்தையும் மூத்த மாணவர் கூறும் காணொளிகளைக் காட்டினர். அவ்வளவே. இச்செய்தியைப் பெறாதவருள் 25 விழுக்காட்டினர் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் கல்லூரியை விட்டு விலகினர். செய்தியைப் பெற்றவருள் விலகியோர் 5 விழுக்காட்டினர் மட்டுமே. அவர்களுடைய மதிப்பெண்ணும் உயர்ந்தது. ஆய்வில் பங்கேற்றோர் எண்ணிக்கை சிறிது. ஆதலால் இதனை எல்லார்க்கும் பொதுவான மருந்தாகக் கொள்ளல் ஆகாது. எனினும், முதற்பருவத் தோல்வியை மாணவர் எவ்வாறு பொருள்கொள்கிறார் என்பது அவர் நீடிப்பதையே தீர்மானிக்கக்கூடும் என்பதை இது காட்டுகிறது.

உதவி கேட்பது பொறுப்புக்கு மாறானது என்ற எண்ணமும் நம்மிடையே வேரூன்றியுள்ளது. வகுப்பு முடிந்தபின் பேராசிரியரின் அறைக் கதவைத் தட்டத் தயங்கி, கல்லூரிக்கு வெளியே விலைக்கு விற்கும் வழிகாட்டி நூலைத் தேடுவோர் பலர். ‘எனக்கு ஒன்றும் புரியவில்லை’ என்று சொல்லப் போவதற்குக் கூச்சம் இருப்பது இயல்பே. ‘மூன்றாம் படிவரை வந்தேன், நான்காம் படியில் குறி ஏன் மாறுகிறது என்று தெரியவில்லை’ என்று கேட்பதற்குக் கூச்சம் தேவையில்லை. அப்படிக் கேட்பதற்கு முதலில் மூன்று படிவரை தாமே போயிருக்க வேண்டும். எந்த இடத்தில் புரியவில்லை என்று சுட்டத் தெரிந்தவர் பாதி தூரம் கடந்துவிட்டார்.

எல்லாப் பொறுப்பையும் மாணவர் தோளில் ஏற்றிவிடுவதும் நேர்மையன்று. பெர்க்லியில் பல ஆண்டுகளாக மாணவர் தோற்றபோது, அவர்களைக் குறைகூறும் விடைகளே நிறுவனத்தின் கையில் இருந்தன. மாற்றம் தொடங்கியது, ஒருவர் அவ்விடைகளை ஐயுற்று மாணவரின் அறைக்குச் சென்று பார்த்தபோதுதான். பழைய வினாத்தாள்களை நூலகத்தில் எல்லார்க்கும் எட்டும் இடத்தில் வைப்பது, மாலையில் வகுப்பறை ஒன்றைத் திறந்து விடுவது, மூத்த மாணவரை இளையோரோடு அமரச் செய்வது ஆகியவை கல்லூரியின் கடமைகள். இவற்றுக்குப் பெருஞ்செலவு ஆவதில்லை.

பயிலரங்குக்கு வந்த மாணவர் முதல் சில நாள்கள் பழைய வழக்கப்படி தத்தம் தாளின்மேல் கவிழ்ந்து, கையால் மறைத்துக்கொண்டு எழுதினால் அதில் வியப்பில்லை. கணக்கு வரவில்லை என்பது பக்கத்திலிருப்பவர்க்குத் தெரியக்கூடாது என்ற அச்சம் ஒரே நாளில் போய்விடாது. கொடுக்கப்பட்ட கணக்குகளோ எவராலும் தனியே முடிக்க இயலாத அளவுக்குக் கடினமானவை. சிறிது நேரம் சென்றதும் யாரேனும் ஒருவர் தலை நிமிர்ந்து, ‘இரண்டாவது கணக்கு யாருக்காவது வந்ததா?’ என்று கேட்டாக வேண்டும். மற்றவரும் அப்போதுதான் தலை நிமிர்வர்.